எடுத்து வைத்த சோறு

பிரிட்ஜின் நடுத்தட்டில் அந்த எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கவரின் வாயை அத்தா சணல் கயிற்றால் மூன்று சுற்று சுற்றிக் கட்டியிருக்கிறார். உள்ளே இரண்டு கை அளவு சிக்கன் பிரைடு ரைஸ், தம்பி சாப்பிட்டது போக மிச்சம். காலையில் உணவு அதிகாரி வந்ததும் அதை அவர் கையில் கொடுக்க வேண்டுமாம். "ஒருத்தரும் தொடக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றுவிட்டுத்தான் முன்னறையில் படுத்தார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். மணி ஒன்று இருபது. தம்பி ஷானவாஸுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டாவது பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. அம்மா அவனோடு இருக்கிறாள். நான் அடுப்படித் தரையில், பிரிட்ஜில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். அதன் மோட்டார் ஓடுவது முதுகில் அதிர்கிறது. நேற்று இந்த அதிர்வு இல்லை என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை ராத்திரி அத்தா லோடு இறக்கிவிட்டு வரும்போது சிக்கந்தர் மாமா கடையிலிருந்து பார்சல் வாங்கி வந்தார். சொந்த மாமா இல்லை, இதே தெருக்காரர். துபாயிலிருந்து திரும்பி வந்து எட்டு மாதம் முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டவர். ஆளுக்கு இரண்டு பரோட்டா தின்றதில் ரைஸ் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. அம்மா அதை அப்படியே பார்சலில் விடவில்லை. அகலமான டப்பாவில் பரப்பி, சூடு இறங்கியதும் பிரிட்ஜில் வைத்தாள். திராட்சைத் தோட்டத்தில் எட்டு மணி நேரம் அண்ணாந்து நின்று கொத்துகளில் நெருக்கமான பிஞ்சுகளைக் கழித்துவிட்டு வந்த கழுத்தைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"ரெஹானா, மத்தியானம் தம்பி வந்தா சும்மா அடுப்புல காட்டி எடுத்துக் குடுத்துராத. வாணல்ல போட்டு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு, அடியிலருந்து பெரட்டணும். ஆவி பறக்கணும், கேட்டியா? நீயும் பாதி தின்னு."

"சரிம்மா, சரிம்மா."

"ரெண்டு சரிம்மா சொன்னா நீ கேக்கலன்னு அர்த்தம்."

பப்ளிக் பரீட்சை லீவில் வீட்டிலிருந்து படிக்கத்தான் எனக்குப் போன் கொடுத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு அணைத்துவிட வேண்டும் என்பது அத்தாவின் கட்டளை. பத்தரைக்கு எல்லோரும் தூங்கியதும் எடுத்தேன். கூடப் படிக்கிற ஏஞ்சல் ஒரு தொடரைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஒரு பகுதி மட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். சார்ஜ் இல்லை. முன்னறை பிளக்கின் அடியில் அத்தா படுத்திருந்தார். மிச்சம் இருந்தது அடுப்படியில் பிரிட்ஜ் மாட்டியிருக்கும் ஒரே பிளக்தான். அதைப் பிடுங்கிவிட்டுப் போனை மாட்டினேன். ஒரு மணி நேரம் பிரிட்ஜ் ஓடாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நான்கு பகுதி பார்த்தேன். முன்னறையில் அத்தா இருமிய சத்தம் கேட்டதும் போனை உருவிக்கொண்டு ஓடிப்போய்ப் படுத்துவிட்டேன். பிரிட்ஜின் வயர் தரையில் கிடந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து வண்டி வந்து ஹார்ன் அடித்தது. அம்மா பிரிட்ஜைத் திறக்காமலே, பால் ஊற்றாத கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு ஓடினாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஷானவாஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அக்கா, ரைஸூ" என்று கத்தினான். பிரிட்ஜைத் திறந்தபோது விளக்கு எரியவில்லை. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இப்போது யாரிடமும் சொல்ல முடியாது. டப்பாவின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. குளிர்ச்சியே இல்லை. மோந்து பார்த்தேன், சோயா சாஸ் வாசம்தான் வந்தது. கொட்டியிருக்கலாம். கொட்டினால் அம்மா ஏன் என்று கேட்பாள், பிளக் என்பேன், பிளக்கை எதற்குப் பிடுங்கினாய் என்று அத்தா கேட்பார், போன் போய்விடும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக வயரை எடுத்து மாட்டிவிட்டு, வாணலை அடுப்பில் வைத்தேன். ஒரு கையில் போன். இரண்டு புரட்டு புரட்டித் தட்டில் கொட்டினேன்.

"அக்கா, நடுவுல சூடே இல்ல."

"ரொம்பச் சுட்டா வாய் வெந்துரும்டா. பேசாம தின்னு."

"உனக்கு?"

"எனக்குப் பசிக்கல. நீயே தின்னு."

அவனுக்குச் சந்தோஷம். கோழித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் தின்றான். அவன் மிச்சம் வைத்த சோற்றை டப்பாவில் போட்டுத் திரும்பப் பிரிட்ஜில் வைத்தேன். ஐந்து மணிக்கு முதல் வாந்தி. ஏழு மணிக்குள் அவனால் உட்காரக்கூட முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கண் அவ்வளவு சீக்கிரம் உள்ளே போய்விடும் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டாள். "கடைச் சோறா? ராத்திரி பூரா வெளிய கெடந்துச்சா?"

"இல்லத்தா" என்றாள் அம்மா. "என் கையால பிரிட்ஜ்ல வச்சேன். இவ சூடு பண்ணித்தான் குடுத்தா."

"வெளிய கெடந்த சோத்துல விஷம் ஊறிருச்சுன்னா, அப்புறம் எம்புட்டுச் சூடு பண்ணாலும் போகாது. அதுக்குத்தான் கேட்டேன். பிரிட்ஜ்ல இருந்துச்சுன்னா அப்ப கடையிலயே கெட்டுருக்கும்."

இந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அத்தா வெளியே போய் எல்லோரிடமும் அதைச் சொன்னார். பக்கத்து வீட்டு அஜய்குமார் அண்ணன் தம்பியின் கையில் ஊசி குத்தியிருப்பதைப் படம் பிடித்து, கடைப் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். எட்டரைக்குள் சிக்கந்தர் மாமா கடையின் முன்னால் கூட்டம். யாரோ சட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார்களாம். ஆஸ்பத்திரிக்குத் தம்பியைப் பார்க்க வந்த தெருப் பெண்கள் என் தலையைத் தடவினார்கள். "தான் திங்காம தம்பிக்குப் பூராத்தையும் குடுத்துட்டா பாரு, பாசக்காரி" என்றார்கள். தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அந்தக் கைகளுக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

ஒன்பதரைக்குச் சிக்கந்தர் மாமாவே வந்தார். வார்டுக்குள் வரவில்லை. கையில் இரண்டு இளநீரோடு வராந்தாத் தூணை ஒட்டி நின்றார். சட்டையில் சால்னா தெறித்த கறை இருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மெகருன்னிசா, அதே சட்டியில அறுவது பேருக்குப் போட்டேன். என் புள்ளைகளும் அதத்தான் தின்னுச்சுக. தப்பு பண்ணிருந்தா காலுல விழுந்துருவேன். எங்கன தப்புன்னு எனக்கே தெரியலையே."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆத்தா ரெஹானா, தம்பி வேற எதுவும் தின்னானா? நல்லா ரோசிச்சுச் சொல்லு. காலையில ஆபிசருக வாராகளாம். சீல் வச்சுட்டுப் போயிருவாக."

என்னை நம்பித்தான் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதில் பொய் இல்லை. தம்பி வேறு எதுவும் தின்னவில்லை. அவர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டு, இளநீரைத் தூணின் அடியில் வைத்துவிட்டு, செருப்பை மறந்து வெறுங்காலோடு படியிறங்கினார். பாதி வழியில் நினைவு வந்து திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் அத்தா என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஐந்து முறை வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது.

இப்போது டப்பாவை வெளியே எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். சில்லென்று இருக்கிறது, எப்போதும் இப்படியே இருந்தது போல. கயிற்றை அவிழ்த்துக் கொட்டிவிட்டால் அதிகாரிக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. ஆனால் சிக்கந்தர் மாமா மேல் விழுந்த பேர் அப்படியே இருக்கும். திரும்ப உள்ளே வைத்தால் நாளைக்குச் சோதித்துவிட்டு, கெட்டது என்றுதான் சொல்வார்கள். முன்னறையில் அத்தா புரண்டு படுக்கிற சத்தம். அவரை எழுப்பத் தைரியம் இல்லை.

போனில் நான்கு சதவீதம் இருக்கிறது. அம்மாவுக்குப் போட்டேன். தூங்கியிருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னத்தா, இன்னும் தூங்கலையா? தம்பி இப்பத்தான் கண்ணு முழிச்சான். ரெண்டு வாய் தண்ணி குடிச்சான். அக்கா எங்கன்னு கேக்குறான்."

"அம்மா..."

"பயப்படாத. ஒன்னும் இல்ல. நீ என்ன பண்ணுவ, பாவம்."

"அம்மா, பிரிட்ஜ்..."

"பிரிட்ஜா? பிரிட்ஜுக்கு என்ன?"

போன் ஒருமுறை அதிர்ந்து, சிவப்பு விளிம்பில் இரண்டு என்று காட்டியது. சார்ஜர் என் காலடியில் கிடந்தது. எனக்கு மேலே சுவரில், பிரிட்ஜின் பிளக். எட்டி அதைப் பிடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பிடுங்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை.

"சொல்லு" என்றாள் அம்மா. அவளுக்குப் பின்னால் வார்டின் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. "சொல்லுத்தா, கேக்குறேன்."