லெமோனியாவின் வயல்

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த, முகம் பார்க்கும் வெண்கலத் தட்டை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அதன் அடியில் வைத்திருந்த சீட்டைத்தான் நான்கு முறை படித்தேன். 'லெமோனியா கராவிதாவின் வயலில் கிடைத்தது.' லெமோனியா என் அக்கா. பக்கத்தில், தேவாலயத்துக்கு மட்டும் போடுகிற கறுப்புக் காலணியோடு நின்றிருந்தாள்.

அப்பா நிலத்தைப் பிரித்தபோது தொப்பிக்குள் சீட்டுப் போட்டார். கல்லுமேட்டுத் துண்டு எனக்குத்தான் விழுந்தது. மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன். நான்காம் நாள் அக்கா தன் சீட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். வாய்க்கால் ஓரத்து நிலம் எனக்கு வந்தது. நாற்பது வருஷம் நான் பீச் பழம் பறித்தேன், அவள் கல் பொறுக்கினாள். போன வருஷம் ஆலிவ் கன்று நடக் குழி தோண்டி, அவள் ஒரு பழைய கிரேக்கச் சீமாட்டியின் கல்லறையைத் திறக்கிற வரைக்கும் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு காபிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று அவளை விசாரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பெயரிலேயே ஆரம்பித்த கதை இது. அவளுக்கு எலுமிச்சையின் பெயர். அவளுக்குப் பின்னும் பெண்ணாகவே பிறந்த எனக்கு ஸ்டமாத்தா. 'நிறுத்து' என்று அர்த்தம். பெண் போதும் என்று கடவுளுக்குச் சொல்ல எங்கள் பக்கம் வைக்கிற பெயர். அதை எந்தச் சீட்டில் எழுதுவார்கள்?

அருங்காட்சியகத்துப் பெண் கேமராவோடு வந்தாள்.

"நிலத்துக்காரம்மா யாரு? பெட்டி பக்கத்துல வந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"நான்தான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. காதுவரை சூடேறியது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அன்றைக்கு நான் சாப்பிடாமல் வைத்திருந்த தட்டைப் பார்த்த மாதிரியே.

"ஆமாம்மா, அவதான்," என்றாள். "சீட்டுல அவளுக்குத்தான் விழுந்துச்சு."

அது பொய்கூட இல்லை. என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நேரா நில்லுடி. கண்ணை மூடிடாத."

நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொடுக்கிற கைகூடச் சீட்டில் அவளுக்கே விழுந்திருக்கிறது.

வெண்கலத் தட்டு பச்சைக் களிம்பேறி யாருடைய முகத்தையும் காட்டவில்லை. பெட்டியின் கண்ணாடியில் மட்டும் அக்கா தெரிந்தாள், இரண்டு கைப்பைகளோடு.