கப்பலின் விலாவில் ஒரு நிலா

பல்செட்டுக்காரர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவுகிற பாவனையில் நின்றுகொண்டிருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. வெளியே கூடத்தில் அவருடைய மனைவி, மகன், மருமகள், மைத்துனர் நால்வரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு விண்கலம் பாதியில் நிறுத்தப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் விஷயமே. ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்தவருக்குத் தன் வாயின் அளவு அன்றைக்கு மதியம்தான் தெரிந்தது.

தொழிலில் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. அவர் செய்த பல்செட்டைப் போட்டிருந்த ஒரு பெரியவர் பலமாகத் தும்மியதில் அது பறந்துபோய் எதிர்ச் சுவரைக் கவ்விக்கொண்டதாம். பிடுங்குவதற்கு இரண்டு ஆட்கள் வேண்டியிருந்ததாம். இதை அவரே சொல்வார், சொல்லும்போது கண் இமைக்காது. மிஞ்சிய பிளாஸ்டரையும் ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பிசினையும் வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் விண்கலங்கள் செய்வார். அளவு தப்பிப்போன பற்களையும் அவர் வீணாக்குவதில்லை. கடைவாய்ப் பற்களைக் கப்பலின் இரு விலாவிலும் வரிசையாகப் பதித்துச் சாம்பல் வண்ணம் அடித்துப் பளபளவென்று மெருகேற்றிவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பீரங்கி வரிசை.

இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய விண்வெளிப் படங்களின் சண்டைக் காட்சிகளை வெட்டி, ஒட்டி, தங்கள் இஷ்டப்படி திருத்திப் போட்டு, அதைப் பற்றி வருஷக்கணக்காக அடித்துக்கொள்கிறவர்கள். அதில் பொம்மைக் கட்சி, கம்ப்யூட்டர் கட்சி என்று இரண்டு. கப்பலை நிஜமாகச் செய்து படம் பிடித்தால்தான் கப்பல் என்பது முதல் கட்சி. பல்செட்டுக்காரர் அதில் தீவிரவாதி. கம்ப்யூட்டரில் செய்த படம் என்றால் முடிவில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே பெட்டியை அணைத்துவிடுவார். இதுகளுக்கெல்லாம் பேர் ஒரு கேடா என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு படத்தின் கடைசிச் சண்டையில் வரும் கருப்புத் தாய்க்கப்பல் கண்ணில் விழுந்த தூசிபோல உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் கப்பலை அந்த இடத்தில் பறக்கவிடுவது என்று தீர்மானித்தார். சாப்பாட்டு மேசையின்மேல் கருப்புத் துணி விரித்து, தூண்டில் நரம்பில் கப்பலைக் கட்டித் தொங்கவிட்டு, மேசைவிளக்கைச் சூரியனாக வைத்துப் படம் பிடித்தார். கேமராவின் திரையோ தபால்தலை அளவு. மூக்குக்கண்ணாடியையும் எங்கோ வைத்துவிட்டிருந்தார். எடுத்ததை மகனிடம் கொடுத்து, சண்டைக்குள் சேர்த்துத் தரச் சொன்னார்.

அடுத்த வாரம் மகன் கொண்டுவந்து காட்டியதைப் பார்த்து அவருக்கே மெய்சிலிர்த்தது. அண்டவெளியில் பிடிமானமே இல்லாமல் மிதந்தது கப்பல். பல் இருந்த இடமெல்லாம் ஜன்னலாகி உள்ளே விளக்கு எரிந்தது. கப்பல் திரும்புகிறபோது அதன் பளபளத்த விலாவில் எங்கிருந்தோ ஒரு நிலா உதித்து நழுவியது. இதையா நாம் எடுத்தோம் என்று ஒரு கணம் நினைத்தார். அடுத்த கணம் ஆமாம் என்று நம்பிவிட்டார். பாராட்டு விஷயத்தில் மனிதன் அதற்குமேல் விசாரணை வைப்பதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் சொல்லாமல் தானே கைபேசியில் குரல் சேர்க்கக் கற்றுக்கொண்டார். முதலில் கருப்புக் கப்பலைக் காட்டிவிட்டு, "பாருங்க, எடையே இல்ல. ஊதுனா பறந்துரும். இதச் செஞ்சவங்க வாழ்க்கைல ஒரு ஆணி அடிச்சிருக்க மாட்டாங்க. மவுஸப் பிடிச்சுக்கிட்டு கிடக்கிற நாற்காலி ஜென்மங்க. இப்ப நம்ம கப்பலப் பாருங்க. கம்ப்யூட்டர் கை படாத கப்பல்" என்று பேசி, அதை உலகத்துக்கு விட்டார்.

உலகம் வாங்கிக்கொண்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அந்தக் குரலை வெட்டியெடுத்து வேடிக்கை செய்தார்கள். 'நாற்காலி ஜென்மம்' ஊருலகப் பேச்சானது. நரம்பை எப்படி மறைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "கை அனுபவம்" என்று பதில் போட்டார். அந்த நிலா எப்படி என்று கேட்டவர்களுக்கு, "அதுவா அமைஞ்சது" என்றார். கம்ப்யூட்டர் கட்சிக்காரன் ஒருவன் மட்டும் நம்பவில்லை. கேமராவில் பதிந்ததை அப்படியே போடட்டும் பார்க்கலாம் என்றான். இன்றைக்கே போடுகிறேன் என்று சவால் விட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார் பல்செட்டுக்காரர். விடுமுறை நாள். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நாலு பேர் பார்க்க அனுப்பினால்தானே கௌரவம் என்று கேமராவைப் பெட்டியில் சொருகினார்.

"மாமா, இப்ப வேணாமே" என்றாள் மருமகள். மகன் எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"நீ என்ன திரையா? தள்ளுடா."

தள்ளி நின்றான். திரையில் கப்பல் வந்தது. அதைத் தாங்கிய நரம்பு கிணற்றுக் கயிறு பருமனில் வந்தது. மேசைத்துணியின் மடிப்பு வந்தது. கடைவாய்ப் பற்கள் அண்டசராசரத்தையும் பார்த்து இளித்தன. மெருகேற்றிய விலாவில், பனியனும் வழுக்கையுமாகக் கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்த அவரே தெரிந்தார்.

"அத்தான், கப்பல் ஏன் சிரிக்குது?" என்றார் மைத்துனர். "அது சரி, இந்தக் கயிறெல்லாம் அப்புறம் எங்க போச்சு? யாரு அழிச்சா?"

மகன் மருமகளைப் பார்த்தான். மருமகள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிற அலுவலகத்தில் அவள் இருக்கிறாள் என்பது பல்செட்டுக்காரருக்குத் தெரியும். என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை.

"அந்தக் கருப்புக் கப்பலும் இவ செஞ்சதுதாங்க" என்றாள் மனைவி, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில். "கடைசில பேரு ஓடும்போது இவ பேரும் வரும். நீங்கதான் அதுக்குள்ள அணைச்சுருவீங்களே."

மகன் படத்தை நிறுத்தினான். அப்போதுதான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூட அந்தப் பெண் அலுவலகத்திலேயே கிடந்தது நினைவுக்கு வந்தது. பெண்ணுக்கு அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை என்று சம்பந்தியிடமே கேட்டிருந்தார். அந்தக் கருப்புக் கப்பல்தான் அந்த வேலை. கம்ப்யூட்டர் கை படாத கப்பல் என்று அவர் முழங்கிய குரல், ஓடுகிற தண்ணீரில் கேட்கிறாற்போல் இருந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்க்கப் போனவர் வேண்டாமென்று சோப்பைப் பார்த்தார்.

கதவு தட்டப்பட்டது. "மாமா, டேங்க் காலியாயிரும்."

குழாயை மூடிவிட்டுக் கதவைத் திறந்தார். மருமகள் துண்டோடு நின்றிருந்தாள். இல்லாத ஈரத்தையெல்லாம் வெகுநேரம் துடைத்தார்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க மாமா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "உங்க ஆபீஸ்ல... அதக் கேட்டாங்களா?"

"நாற்காலிக்குப் பின்னாடி எழுதி ஒட்டியிருக்காங்க. நாற்காலி ஜென்மம்னு. எல்லாருக்கும்தான்."

"உன்னுதுலயுமா?"

"ம்."

"பேசினது உன் மாமனாருன்னு தெரியுமா?"

"சொல்லல."

"இப்படி ஒரு ஆளு வீட்ல இருக்கான்னு சொல்ல உனக்கு வெக்கமாத்தான் இருக்கும்."

"எனக்கு என்ன மாமா. உங்களுக்கு அசிங்கமாயிரும்னுதான்." பிறகு, வேலையில் விட்ட குறையைச் சொல்கிறவள்போல், "கயிறு, பல்லு எல்லாம் போயிருச்சு. உங்க தலைய மட்டும் அழிக்கவே முடியல. கப்பல் திரும்பத் திரும்பக் கூடவே வந்துச்சு. அதான் நிலாவாக்கிட்டேன்" என்றாள்.

அவர் கை தானாக வழுக்கைக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் அழகு என்று எழுதியிருந்த நிலா வியர்த்திருந்தது.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நாகரிகமான குடும்பம். கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. பொம்மைக் கட்சி மொத்தமும் காத்திருந்தது. மருமகள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "கொஞ்ச நேரம் குடுங்க மாமா. கயிற மட்டும் எடுத்துட்டு, கேமராவுல அப்படியே பதிஞ்சது மாதிரியே தந்துடறேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்றாள்.

கொடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அது அங்கே வந்தது என்பதே அவருக்குப் புது அவமானமாக இருந்தது.

மகனிடம் கை நீட்டினார். கேமராவில் பதிந்ததைத் தன் கைபேசிக்கு மாற்றச் சொன்னார். மாறியது. அனுப்பு என்ற பொத்தானுக்குமேல் கட்டைவிரல் போய் நின்றது.

"பாதில நிக்குதே, முழுசாப் பாத்துருவோம்" என்று மைத்துனர் பெட்டியை ஓடவிட்டார். கயிற்றில் தொங்கிய கப்பல், பற்களைக் காட்டிக்கொண்டு மெல்லத் திரும்பியது. அதன் விலாவின் ஓரத்தில் முதலில் ஒரு வெளிச்சக் கீற்று, பிறகு வழவழவென்று ஒரு வளைவு, பிறகு முழுவதுமாக அந்தத் தலை உதித்து, மேசைவிளக்கின் ஒளியில் மினுங்கியபடி, ஊர்ந்து வந்தது.