நாலு விரற்கடை

லிஃப்ட் மெக்கானிக் தன் கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டியைக் கூடத்தில் வைத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று வருடம் அந்த வீட்டுக்குள் அவன் மனைவியின் குரல் கேட்கவில்லை. அவள் தொண்டைக்கு ஒன்றுமில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். ஆறு நடைமேடையிலும் அவள் குரல் கணீரென்று ஒலித்தது. வேலை முடிந்து வீட்டு வாசற்படியைத் தாண்டினால் வாய் மட்டும் அசையும். டாக்டர் அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தார்.

பெட்டியில் கீழே கனத்த ஒலிக்கு ஊஃபர், மேலே மெல்லிய ஒலிக்குக் கம்ப்ரஷன் டிரைவர், டிரைவருக்கு முன்னால் வாய் போல ஒரு ஹார்ன். மைக்செட் போடுகிற அவள் தம்பிதான் டிரைவரோடு இரண்டு ஹார்ன்களைக் கொண்டுவந்தான். ஒன்று அகலமான மர ஹார்ன், மற்றது கைக்கு அடக்கமான அலுமினியம். "சின்னதைப் போட்டா, ஊஃபர் விடுற இடத்துக்கும் ஹார்ன் பிடிக்கிற இடத்துக்கும் நடுவுல பள்ளம் விழும் மாமா. மனுஷக் குரல் அங்கதான் இருக்கு" என்று படித்துப் படித்துச் சொன்னான். மெக்கானிக் மனைவியின் அறிவிப்பு ஒன்றைப் பதிவு செய்துவந்து இரண்டிலும் போட்டுப் பார்த்தான். மர ஹார்னில் அவள் பக்கத்தில் நின்று பேசினாள். அலுமினியத்தில் ரயில் இருந்தது, கூட்டம் இருந்தது, அவள் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை யோசித்துவிட்டு அலுமினியத்தை மாட்டினான். பெரியது கூடத்து அலமாரிக்கு அடியில் நுழையாது என்றான்.

ஊருக்கெல்லாம் பேசிவிட்டுத் தனக்கு மட்டும் வாயசைத்துக் காட்டுகிறாள் என்று அவனுக்குச் சந்தேகம். ஒருநாள் அவள் பேசும்போது தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தான், அதிர்ந்தது. அப்படியும் நம்பவில்லை. அவளோ முதல் நாளே அளவு டேப்பை எடுத்து அலமாரிக்கு அடியில் அளந்துவிட்டாள். மர ஹார்ன் வைத்தாலும் நாலு விரற்கடை மிஞ்சும். உப்பு, சோப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அவளிடமிருந்து துண்டுச் சீட்டில் வந்தன. இந்த ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. அது எழுதிக் கேட்கிற விஷயம் இல்லை. மூன்றாம் வருட முடிவில் ஒரு சீட்டு வந்தது: நிலையத்துக்குப் பக்கத்தில் அறை பார்த்திருக்கிறேன், சனிக்கிழமை போகிறேன்.

சனிக்கிழமை அவன் மச்சானை வரவழைத்து மர ஹார்னை மாட்டினான். நாலு திருகுதான். பெட்டி அலமாரிக்கு அடியில் தாராளமாக நுழைந்தது. ஒயரைச் செருகும் முன்பே அது பேசத் தொடங்கியது. முதல் செவ்வாய்க்கிழமை கேட்காமல் போன அவள் குரல்.

"அலமாரிக்கு அடியில நாலு விரக்கடை மிஞ்சுதே. தெரிஞ்சுதானே சின்னதை எடுத்தீங்க?"

மனைவி பையோடு வாசலில் நின்றிருந்தாள். அவன் பெட்டியைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

"ஆமா, தெரிஞ்சுதான். வேலை விட்டு வந்தா சத்தமில்லாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

மச்சான் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பினான். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"மிச்சத்தையும் கேளுங்க" என்றாள். அது அவள் வாயிலிருந்தே கேட்டது.

மூன்று வருடப் பேச்சு வெளியே வர மூன்று வருடம் ஆகும். பெட்டி அந்தந்த நாளை அந்தந்த நேரத்தில் ஒப்பிக்கிறது. பழைய சண்டை வந்தால் மாடி வீட்டுக்காரர்கள் அது மூன்று வருடத்துக்கு முந்தையது என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் பெட்டி முன்னால் நின்று பதில் சொல்கிறான். அவள் பையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அந்த அளவு டேப்பும் அதில்தான் இருக்கிறது. போன வாரம் பெட்டி, அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளுக்கு வந்தது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று நாலு முறை கேட்டது. அவன் எழுந்து போய் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினான். அவளுக்குத் தாகமில்லை. வாங்கிக் குடித்தாள்.