பேஸ் இல்லாத பருவம்

அலுவலகங்களுக்கு நாற்காலி விற்கும் நிறுவனத்தில் அவர் விற்பனை மேலாளர். அது சோற்றுக்கு. உயிருக்கு வேறொன்று வைத்திருந்தார்: வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் எழுதும் ஒரு பக்கம். அந்த வாரம் புதிதாக வெளியான டப்ஸ்டெப் பாட்டுகள், அதற்குப் பங்காளி முறையாகிற மற்ற பேஸ் இசைகள், பெரிய கம்பெனிகள் சீண்டாமல் படுக்கையறையிலும் வாடகை அறையிலும் ஆளாளுக்கு உட்கார்ந்து போடுகிறவை, அத்தனையையும் கேட்டு நல்லது கெட்டது சொல்வார். படிக்கிறவர்களை இரண்டு பேருந்துக்குள் அடக்கிவிடலாம். ஆனால் அந்த இரண்டு பேருந்திலும் பாதிப் பேர் பாட்டுப் போடுகிறவர்கள். அவர்கள்தான் அவருக்குக் 'காது' என்று பேர் வைத்தார்கள். அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த இசையைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் பாட்டு மேலே இல்லை, அடியில் இருக்கிறது. காதுக்கு எட்டுவதற்கு முன்னால் வயிற்றுக்கு எட்டிவிடும் ஒரு தாழ்ந்த ஒலி, அதுதான் பேஸ். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் தட்டல், கொஞ்சம் மூச்சு, எங்கோ ஒரு குரலின் துணுக்கு. சாதாரண ஸ்பீக்கரில் அந்த ஒலி வராது. அதற்கென்று தரையில் தனியாக ஒரு பெட்டி வைக்க வேண்டும். காது வீட்டில் மேசைக்கு அடியில் அப்படி ஒரு கறுப்புப் பெட்டி சுவரை ஒட்டி இருந்தது. அதில் விளக்கு எரிகிறதா என்று தினமும் குனிந்து பார்க்க அவர் தொப்பை இடம் கொடுக்கவில்லை.

காதுக்கு இரண்டு கொள்கைகள். ஒன்று, ஹெட்போனில் கேட்டு எழுதுவதில்லை. அது எல்லாப் பாட்டுக்கும் முகஸ்துதி செய்யும் என்பார். இன்னொன்று, அந்த வாரத்துப் பாட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பழசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் புதுசுக்கு நியாயம் கிடைக்காதாம். சொல்லக் கேட்டால் இரண்டும் நல்ல கொள்கைகள்தான். இரண்டும் சேர்ந்துதான் அவர் காலை வாரின.

அந்த மாதம் பாட்டுகள் என்னவோபோல் வந்தன. எல்லாம் மெலிந்து, காற்றோட்டமாக, தரையில் கால் பாவாமல் இருந்தன. முதல் வாரம் யோசித்தார். இரண்டாவது வாரமும் அப்படியே. வேறொருவர் என்றால் பெட்டியைச் சந்தேகப்பட்டிருப்பார். காது காலத்தைச் சந்தேகப்பட்டார். பிறகு பாராட்டவே ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது வெள்ளிக்கிழமை நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு 'பேஸ் இல்லாத பருவம்' என்று தலைப்பு. இந்தத் தலைமுறை உரக்கப் பேசிக் களைத்துவிட்டது, இனி அடியைக் காட்டாமல் அடியை உணர்த்துவதுதான் கலை, துணிச்சல் இருப்பவர்கள் பேஸை விட்டுவிட்டு வாருங்கள் என்று போனது அது. யார் வயிற்றையும் கலக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய பண்பு என்றுகூட ஒரு வரி இருந்தது.

படித்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். தங்கள் பாட்டில் பேஸ் இடியாய் இடிப்பது தெரிந்தவர்கள்கூட, காது சொன்னால் ஏதாவது இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அதற்கு மறுவாரம் சனிக்கிழமை காலை அவர் மனைவி டீயை மேசையில் வைத்தாள். அவள் மருத்துவமனையில் செவிலியர்.

"நேத்தோட நைட் டூட்டி முடிஞ்சுதுங்க. உங்க பெட்டிய மாட்டிவிட்டுட்டேன்."

"எந்தப் பெட்டிய?"

"கீழ இருக்கே, அத. நான் காலையில வந்து படுப்பேன், நீங்க அப்பதான் ஆரம்பிப்பீங்க. கட்டிலே ஆடுது. பிளக்கப் புடுங்கி வெச்சேன். சொன்னேனே."

"எப்பச் சொன்ன?"

"டூட்டி ஆரம்பிச்ச அன்னிக்கே சொன்னேன். நீங்க எழுதிட்டு இருந்தீங்க. 'ம்'னீங்க."

காதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீயைத் தொடாமல் கம்ப்யூட்டரைத் திறந்து, கட்டுரையில் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்த ஒரு பாட்டைப் போட்டார். ஜன்னல் கண்ணாடி உதறியது. டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. 'மௌனத்தின் மென்மை' என்று அவர் எழுதியிருந்த இடத்தில் எருமை ஒன்று முக்காரமிட்டது.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடங்கவில்லை.

"ஒரு மாசமா தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. ட்ரெண்டுன்னு நெனச்சேன்."

அவருக்கும் ஒரு வழி தோன்றாமல் இல்லை. அடுத்த வாரம் 'பேஸ் மெல்லத் திரும்புகிறது' என்று ஒரு கட்டுரை, அதற்கடுத்த வாரம் 'திரும்பிவிட்டது' என்று இன்னொன்று. ஒருவருக்கும் தெரியாது. வெட்கமில்லாமல் முதல் வரியைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டார். அப்போதுதான் சுண்டெலியிடமிருந்து செய்தி வந்தது.

சுண்டெலி என்பது அவள் பாட்டுப் போடுவதற்காக வைத்துக்கொண்ட பேர். ஆள் ஒல்லி, குட்டை, முப்பது வயது, பகலில் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. அவள் போடும் பேஸ் மட்டும் லாரி போவதுபோல் இருக்கும். வருஷக்கணக்காக இணையத்தில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தவள், இப்போதுதான் முதன்முதலாகச் சொந்தச் செலவில் ஒரு பாட்டை இசைத்தட்டாகப் போடுகிறாள் என்று காதுக்குத் தெரியும்.

'அண்ணா, உங்க கட்டுரை படிச்சேன். ரெண்டு நாள் தூங்கல. பாட்டுல இருந்த பேஸ எடுத்துட்டேன். தட்டு வெட்ற அண்ணன்கிட்ட திங்கக்கிழமை புதுசக் குடுக்கறேன். கண்ணத் தொறந்துவிட்டதுக்கு ரொம்ப நன்றி.'

காது அதை இரண்டு முறை படித்தார். பாட்டைத் தட்டில் கோடு கோடாகத்தான் வெட்டுவார்கள். தட்டில் வெட்டியது வெட்டியதுதான். அதன்பிறகு அதில் ஒன்றும் சேர்க்க முடியாது. ஒரு பெண் வருஷக்கணக்கில் உருவாக்கிய ஒன்றைத் அவர் வீட்டுப் பிளக்கை நம்பித் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"போன்ல சொல்லிடட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நேர்ல போய்ச் சொல்லுங்க. ஓடி ஒளியற வயசா இது?"

சுண்டெலி வாடகைக்கு எடுத்திருந்த ஒத்திகை அறை, மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் இருந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தைகள் அறையப்பட்டிருந்தன. அறையின் ஒரு பக்கத்தை ஆளுயரப் பெட்டிகள் இரண்டு அடைத்துக்கொண்டிருந்தன. உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். அதன் சாயும் கம்பி உடைந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் காது அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருப்பார். இன்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மென்று விழுங்கினார், ஆனால் ஒன்றையும் விடவில்லை.

சுண்டெலி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"பிளக்கா?" என்றாள்.

"பிளக்."

"நீங்க எழுதின பாட்டெல்லாம் இந்த மாசம் நானும் கேட்டேண்ணா. எல்லாத்துலயும் பேஸ் இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. காதே பேஸ் இல்லங்கறாரு, எனக்கு மட்டும் கேக்குது, அப்ப எனக்குத்தான் ஒண்ணும் புரியலன்னு நெனச்சேன். இத்தன வருஷம் தப்பாவே கேட்டுட்டு இருந்திருக்கேன்னு. இந்தத் தட்டோட பாட்டு போடறதையே விட்டுடலாம்னு இருந்தேன்."

காதுக்குக் கேவலமாக இருந்தது. கட்டுரை கேலிக்கூத்தானதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சரியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை, அவள் செவிதான் கெட்டுவிட்டது என்று நம்ப வைத்திருக்கிறார்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார். "நடந்தது நடந்தபடி எழுதி வெச்சிருக்கேன். உன்கிட்டச் சொல்லாமப் போட மனசு வரல." போனை எடுத்து அவள் முன்னாலேயே தன் இணையப் பக்கத்தில் ஏற்றினார். நாலே வரி. பதில்கள் வர அதிக நேரம் ஆகவில்லை. 'அண்ணே, அடுத்து ஸ்பீக்கரையே அணைச்சுட்டு ஒரு கட்டுரை போடுங்க' என்றது முதலாவது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அதைப் பார்த்தபிறகுதான் சுண்டெலியின் முகம் கொஞ்சம் இளகியது. "வந்ததுதான் வந்தீங்க. ரெண்டையும் கேட்டுட்டுப் போங்க," என்றாள்.

முதலில் பேஸ் உள்ளதைப் போட்டாள். அது அறைக்குள் மெல்ல ஏறியது, தரையிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து நெஞ்சுக்கு. அவசரமே இல்லை. நன்றாக இருந்தது, சொல்லப்போனால் அந்த மாதம் அவர் கேட்டதிலேயே நன்றாக இருந்தது. பாட்டில் அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பது மட்டும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துகொண்டே வந்தது.

அடுத்து இரண்டாவது. பேஸ் இருந்த இடமெல்லாம் வெறும் இடமாக இருந்தது. ஒரு தட்டல் விழும். அதற்குப் பிறகு உடம்பு எதையோ எதிர்பார்க்கும், வராது. இன்னொரு தட்டல். அந்தக் குரல் துணுக்கு தனியாக வந்து நின்றபோது காது தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் நகர்ந்தார். அத்தனை பெரிய பெட்டிகள் விழித்துக்கொண்டே சும்மா இருந்தன. தான் உளறியது எல்லாம் உளறல்தான், ஆனால் இந்த ஒரு பாட்டில் அது உண்மையாகிவிட்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவள் மறுபடியும் தன் பேச்சைக் கேட்டுவிடுவாளே என்று மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அபிப்பிராயத்தை விழுங்கியது இதுதான் முதல் தடவை; அது அவருக்குச் சுலபமாக இறங்கவில்லை.

பாட்டு முடிந்தது. முன்பக்கக் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுண்ணா?"

"நான் சொல்லக் கூடாதும்மா."

"சரி, சொல்லாதீங்க." அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "இத அழிச்சிடறேன்."

"ஐயோ, வேண்டாம்," என்று அவரையும் மீறி வந்துவிட்டது.

சுண்டெலி திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் சிரித்தாள்.

"அப்ப உங்களுக்கு இதுதான் புடிச்சிருக்கு."

காது அசடு வழிந்தார். "ஆமா. பொய் சொல்ல வரல. நெஜமாவே இதுதான். பிளக் மாட்டியிருந்தாலும் இதுதான்."

சொல்லிவிட்டுப் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நகத்தைக் கடித்தபடி பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணே, சுண்டெலி பேசறேன். திங்கக்கிழமை புதுசு ஒண்ணும் வராது. மொதல்ல அனுப்பினேனே, அதையே வெட்டிடுங்க. ஆமா, பேஸோடதான். பேஸ் அதிர்ச்சியில ஊசி குதிக்காமப் பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு, இரண்டாவது பாட்டை ஒரு சின்ன பென்டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க வெச்சுக்குங்க."

"இதையும் வெளியிடலாமேம்மா. தனியா, பின்னால."

"இல்லண்ணா. நல்லா இருக்கு, இல்லேங்கல. ஆனா அதுல நான் இல்ல. எடுக்க எடுக்க உங்க கட்டுரைய நெனச்சுக்கிட்டேதான் எடுத்தேன். அது நீங்க போட்ட பாட்டு."

பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுண்டெலி மறுபடியும் முதல் பாட்டைத் தொடக்கத்திலிருந்து போட்டு, சத்தத்தைக் கூட்டினாள். அவர் இருப்பதையே மறந்துவிட்டவள்போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.