காணாமல் போன கும்பிடு

மெத்தைக்கடை திருவேங்கடம் அண்ணன் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தபோது அவருக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்துத் தொலைத்தேன். காட்டுப்பாக்கத்தில் எங்கள் மூன்றாவது மாடிக்கு டவர் எட்டாது. வந்தவரைச் சும்மா உட்கார வைக்கக் கூடாதே என்றுதான் கொடுத்தேன்.

'மேற்குவாசல்' என்று ஒரு செய்தித்தளம் நடத்துகிறேன். பூந்தமல்லியில் எந்தச் சாலையைத் தோண்டியிருக்கிறார்கள், ஆவடியில் எங்கே மின்தடை, குத்தம்பாக்கத்திலிருந்து எந்த பஸ் எப்போது கிளம்பும், எல்லாம் நானே அலைந்து எழுதுவது. படிக்கிறவர்கள் ஏராளம். விளம்பரம் தருகிறவர்களில் மிஞ்சியது திருவேங்கடம் அண்ணன் ஒருவர்தான். அவரும் நிறுத்தினால் தளத்தை மூட வேண்டியதுதான்.

அவர் விளம்பரத்தில் மெத்தை சின்னதாக இருக்கும். அவர் பெரிதாக, கல்யாண பேனரில் நிற்கிற மாதிரி கும்பிட்டபடி இருப்பார். மெத்தையைப் பெரிதாக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மெத்தய எவன் பாக்கறான்? மூஞ்சப் பாத்துதாம்மா கடைக்கு வர்றான்" என்றார். இப்போது தீபாவளிக்காகப் பட்டுச்சட்டையில், ஸ்டூடியோவில் எடுத்த புதுப் படத்தோடு வந்திருந்தார்.

பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தன் போனில் தளத்தைத் திறந்தார். மேலும் கீழும் தேய்த்தார்.

"இன்னாம்மா, என்னக் காணோம்?"

வாங்கிப் பார்த்தேன். அவர் கும்பிட்டு நின்ற இடம் வெள்ளையாகக் கிடந்தது.

"காலையில கடையில பாத்தேன், இருந்திச்சே. எனக்குக் காட்டறதுக்குப் போட்டுகினு, மத்தவனுக்குத் தூக்கிடறியா?"

"அல்லா மேல சத்தியமா இல்லண்ணே."

ஒன்றும் புரியாமல் கீழ்வீட்டு கோகுல்நாத்தைக் கூப்பிட்டேன். ஐ.டி.யில் வேலை, எங்கள் ஃபிளாட் சங்கத்தின் செயலாளர், மொத்தக் கட்டடத்துக்கும் பொதுவான வைஃபையைப் பார்த்துக்கொள்கிறவன், தினமும் என் செய்தியை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற புண்ணியவான். வந்து பார்த்ததும் சிரித்தான்.

"இன்னிக்குக் காலையிலதான் நம்ம ஃபிளாட் வைஃபை முழுக்க ஆட்-பிளாக்கர் போட்டுட்டேன்க்கா. ஒரு விளம்பரமும் வராது. பெரியவங்க எதையாவது தொட்டு ஏமாந்துடறாங்கல்ல? உங்க சைட்கூட இப்ப எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க!"

சுத்தமாம். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

திருவேங்கடம் அண்ணன் தினமும் ராசிபலன் பார்க்கிற பக்கத்தைத் திறந்தார். வழக்கமாக முட்டிவலித் தைலமும் ரம்மி விளையாட்டும் மேலே வந்து படுத்துக்கொள்ளும். தன் ராசியைத் தேடுவதே அவருக்குப் பெரும்பாடு. இன்று துலாம் பளிச்சென்று தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"ஏ நைனா, ஷோக்கா கீதே! நம்ம ஊட்லயும் இப்டி வர்றதுக்கு இன்னா செய்யணும்?"

"குடுங்க சார், போன்லயே போட்டுடறேன்."

என் கடைசி விளம்பரதாரர், என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, தன் விளம்பரத்தைத் தானே தடுத்துக்கொண்டார். "அண்ணே, இதைப் போட்டா உங்க படமே உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கே பேஜாரா கீற ஒண்ண ஊர்க்காரன் தலையில எதுக்குக் கட்டணும்?" அதட்டவில்லை, பரிவாகத்தான் சொன்னார். "வுட்டுடலாம் சபீனா. கோச்சுக்காத தங்கச்சி."

பட்டுச்சட்டைப் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். விளம்பரத்தில் இருந்த அதே கும்பிடு.

கோகுல்நாத் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "அக்கா, குத்தம்பாக்கம் தீபாவளி ஸ்பெஷல் பஸ் விவரம் எப்ப போடுவீங்க? குரூப்ல எல்லாரும் கேக்கறாங்க."

"சைட்டை மூடப்போறேன் கோகுல்."

"ஐயையோ" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். "அப்ப நேரா குரூப்லயே போட்டுடுங்களேன்க்கா."