தலைமாட்டுச் செடி

ஒரே ஒரு தேயிலைச் செடி மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உச்சியெல்லாம் வெள்ளைப் பூவாக, இடுப்பளவுப் பச்சைக்கு நடுவே தனியாக நிற்கிறது, அதன் அடியில்தான் தாவீது படுத்திருக்கிறான், இருபது வருஷம் ஆகியும் சொர்ணத்தாய் கண்ணை மூடினால் புருஷனுடைய அந்தச் செடிதான் வந்து நிற்கும், கீழே ரோட்டில் வேன்காரன் ஆரன் அடிக்கிறான், எஸ்டேட்டை மூடி ஆறு வருஷம், லைன் வீட்டைக் காலி பண்ண இன்று கடைசி நாள், எம்மா, அப்பா குழியில ஒரு பிடி மண்ணு எடுக்கணும்னியே, வந்து காட்டு என்று மகன் செல்வின் மண்வெட்டியோடு முன்னால் ஏறுகிறான், ஒரு பிடி போதும், நாளைக்குத் தன் குழியில் அதைப் போட்டுவிட்டால் அவன் பக்கத்தில் படுத்த மாதிரிதான், வேறென்ன கேட்டாள் அவள்.

கூலிக்காரன் குழிக்குக் கல் வைக்கத் துரைமார் விட்டதில்லை, மரச்சிலுவையை இரண்டு மழை தின்றுவிடும், அதனால் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டும் கவ்வாத்தின்போது குழியின் தலைமாட்டுச் செடியை மட்டும் வெட்டாமல் விடுவார்கள், அது மரமாகிப் பூக்கும், கவ்வாத்துக் கத்தி பிடித்த தாவீதுக்கு அந்தச் செடியெல்லாம் ஆட்கள், இது குடை இஸ்ரவேலுடி, நாப்பது வருஷம் குடையக் கக்கத்துல வச்சிக்கிட்டே நனைஞ்சாரு, விரிச்சாப் பழசாயிருமாம், அது மரியபுஷ்பம், எடைத் தட்டுல ஏறி நின்னு துரைய வஞ்சாள்லா, அவ, என்று சிரித்தபடி சுற்றிப் போவான், பிறகு ஒரு ஆடி மழையில் அவனும் அவர்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டான், செல்வின் அப்போது கைக்குழந்தை.

அவன் போன நாலாம் வருஷம் கவ்வாத்துக்கு ஆள் பத்தவில்லை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை இறக்கிவிட்டார்கள், தாவீதின் கத்தி, தாவீதின் வரிசைகள், நீட்டிய கை தெரியாத மஞ்சு மூட்டம், குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே போனாள், அவனைப் போலவே வேகமாக வெட்ட வருகிறதே என்று சந்தோஷம்கூட வந்தது பாவிக்கு, மதியம் மஞ்சு விலகிப் பார்த்தால் இலைக்குப்பைக்கு நடுவே வெள்ளைப் பூக்கள் கிடக்கின்றன, ஐயோ என்று ஓடினாள், எந்தக் கட்டை, தடித்த கட்டையாகப் பார்த்தால் அந்தக் கிழட்டுத் தோட்டத்தில் நூறு தடித்த கட்டை, இஸ்ரவேலும் மரியபுஷ்பமும் தாவீதும் ஒரே உயரமாகிவிட்டார்கள், யாரிடமும் சொல்லவில்லை, கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தியைக் கோயிலிலேயே கொளுத்தினாள், அங்க வந்தா எனக்குத் தாங்காதுல என்பாள் மகனிடம்.

இப்போது மேட்டில் வந்து நிற்கிறாள், ஆறு வருஷமாகக் கத்தி படாத காடு, மலை முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, எல்லாம் தலைமாட்டுச் செடி, எதும்மா என்கிறான், இன்னா, இதுதாம்ல என்று கைக்கு எட்டியதைத் தொட்டாள், அவன் முட்டி போட்டு, அப்பா, போயிட்டு வாரோம்பா என்று மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்து கொடுத்தான், அதை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள், இஸ்ரவேல் அண்ணனாக இருந்தால் பரவாயில்லை, வாயில்லாத மனுஷன், மரியபுஷ்பமாக இருந்தால் ஊர் போய்ச் சேரும்வரை வைவாள், யாருமே இல்லாத வெறும் மண்ணாகவும் இருக்கலாம், வேன் கிளம்பியது, கடைசியா ஒருக்கப் பாத்துக்கம்மா என்றான் செல்வின், அவள் தலையைத் திருப்பினாள், வெள்ளையாக நின்ற அத்தனையில் எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.