புது மண்ணில் முதல் ஓவர்

ஏப்ரல் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. காலை முதல் வெயில் கடுமையாக இருந்தது. பிற்பகலில் மேற்கே மேகம் திரண்டு, ஒரு துளியும் சிந்தாமல் கலைந்து சென்றது. மழை வராதது நல்லதாயிற்று என்று என் அண்ணன் கூறினார். ஏனெனில், அன்றுதான் அவர் மைதானத்தின் நடுவே கடப்பாரையை இறக்கி, தாம் பல ஆண்டுகளாக வளர்த்த ஆடுகளத்தைத் தோண்டத் தொடங்கியிருந்தார்.

போட்டிப் பருவம் முடிந்த பிறகு மைதானத்தில் வேலையே இராது என்று வெளியார் நினைப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஓய்வு வீரர்களுக்கு மட்டுமே உரியது. புல்லையும் மண்ணையும் பேணுவோருக்கு அம்மாதங்களில்தான் முதுகு ஒடியும். இரண்டு பெரிய முடிவுகளும் அப்போதுதான் எடுக்கப்படும். அடுத்த பருவத்தின் போட்டிகள் எந்த மைதானங்களில் நடைபெறும் என்பது ஒன்று. எந்த வீரர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்பது மற்றொன்று. முதல் முடிவை என் அண்ணனும் இரண்டாம் முடிவை என் கணவரும் எதிர்நோக்கியிருந்தனர். நான் இரண்டையும் எதிர்நோக்கியிருந்தேன்.

அண்ணன் அம்மைதானத்தின் ஆடுகளப் பராமரிப்பாளர். என் கணவர் அங்கேயே விளையாடும் அணியின் சுழற்பந்து வீச்சாளர். அவர் பந்தை மிக மெதுவாக வீசுவார். ஆதலால் அணியினர் அவரை 'ஆமை' என்று அழைத்தனர். "இவன் கைய விட்டு பந்து கிளம்பி என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம்" என்று விக்கெட் கீப்பர் கேலி செய்வார். என் கணவர் அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. அந்த மெதுவான பந்து அண்ணனின் கருமண்ணில் விழுந்தவுடன் சட்டென்று பாதை மாறும். மூன்றாம் நாள் ஆட்டத்தில் மண் வெடித்துப் பொடியத் தொடங்கிவிட்டால், கேலி செய்தவர்களே அவர் தோளில் கை போட்டுக்கொள்வர். வேறு ஊர்களின் மைதானங்களில் அவருக்குப் பெரும்பாலும் தண்ணீர்ப் புட்டி சுமக்கும் வேலைதான். சுருங்கக் கூறின், அண்ணனின் மண்ணே அவருடைய பிழைப்பாக இருந்தது.

அந்த மண்ணின் மீதுதான் குறை கூறப்பட்டது. மைதானத் தேர்வுக் குழுவினர் பருவ இறுதியில் வந்து பார்த்து, பந்து எழும்பவே இல்லை என்றனர். நகரின் ஓரத்தில் புதிய அரங்கு ஒன்று தயாராகிக் கொண்டிருந்தது. அங்கே விளக்குக் கோபுரங்களும் வாகனம் நிறுத்த விசாலமான இடமும் இருந்தன. ஜூலை முடிவதற்குள் இங்கே கெட்டியான ஆடுகளம் அமையாவிட்டால் போட்டிகள் அனைத்தும் அங்கே சென்றுவிடும் என்று அவர்கள் அறிவித்தனர்.

அன்று மாலை அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். பார்வையாளர் படிக்கட்டுகளின் அடியில் அமைந்த இரண்டு அறைகளே அவர் வீடு. உட்கூரை தலைகீழான படிக்கட்டைப் போல இறங்கிவரும். அடுப்பருகே நிமிர்ந்தால் நெற்றியில் இடிக்கும். போட்டி நாள்களில் மேலே மக்கள் குதிக்கும்போது சுவரிலிருந்து காரை உதிரும். பாத்திரங்களை அண்ணி எப்போதும் மூடியே வைத்திருப்பார்.

"மேட்ச் போச்சுன்னா இந்த வீடும் போகும்" என்றார் அண்ணி. "நல்லதுதான். தலை மேல ஆயிரம் பேர் குதிக்காம ஒரு நாளாவது தூங்கலாம்." இவ்வாறு கூறிச் சிரித்தவர், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் நகங்களில் கருமண் அப்பியிருந்தது.

"மாப்ள, புது மண்ணு லாரியில வருது. களி ஜாஸ்தி. காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். அதுல உன் பந்து என்ன ஆகும்?"

"ஆமை எந்த மண்ணுலயும் நடக்கும் மச்சான்."

"வெளையாடாத. நான் ஒரு யோசனை வச்சிருக்கேன். நீ பந்து குத்துற இடம் எனக்குத் தெரியாதா? அந்த ஒரு திட்டுல மட்டும் பழைய மண்ணைக் கலந்துடறேன். கமிட்டிக்காரங்க தட்டிப் பாத்தா கெட்டியா இருக்கும். மூணாவது நாள் உனக்குன்னு வாயைத் தொறக்கும்."

"அது தப்பில்லையாண்ணே?" என்று நான் கேட்டேன்.

"என் மண்ணை என் மண்ணுல போடறேன். இதுல எவன் என்னைக் கேக்கறது?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். மாப்ளைக்குத் திரும்பலன்னா, கமிட்டியாவது கிமிட்டியாவது. மறுபடி தோண்டிடுவேன்."

அவர் வெறும் பேச்சுக்குச் சொல்பவர் அல்லர் என்பதை நாங்கள் அறிவோம். பெற்றோர் மறைந்த பிறகு என்னை வளர்த்தவர் அவர். என் திருமணத்தின்போது, "தங்கச்சியைக் குடுத்தேன், கூடவே இந்த மண்ணையும் குடுத்தேன்" என்று என் கணவரிடம் கூறியவரும் அவரே.

மே, ஜூன் மாதங்கள் முழுவதும் வேலை நடந்தது. முழங்கை ஆழத்திற்குத் தோண்டி, ஜல்லியும் மணலும் பரப்பி, அதன் மேல் புது மண்ணை மெல்லிய அடுக்குகளாக இட்டனர். ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, உலர்த்தி, உருளை கொண்டு அழுத்த வேண்டும். மற்ற வீரர்கள் ஓய்வில் ஊருக்குச் சென்றிருந்தனர். என் கணவரோ தினமும் சென்று மண் சலித்தார், உருளை இழுத்தார். அவருடைய பந்தை முடமாக்கப் போகிற மண்ணை அவரே அழுத்திக் கெட்டியாக்கினார். அப்போது அது எங்களுக்குத் தெரியாது. மைதானம் தங்கினால் ஒப்பந்தமும் தங்கும் என்றே நாங்கள் மூவரும் எண்ணியிருந்தோம்.

அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக இட்ட ஆடுகளத்தில் முதல் ஓவரைத் தாம் தேர்ந்தெடுத்தவரே வீச வேண்டும். அதற்கு முன் பயிற்சியாளர்கூட அதன் மேல் கால் வைக்கக் கூடாது. ஜூலை நடுவில் ஒரு காலை வேளையில் அவர் எங்கள் இருவரையும் அழைத்தார். கலவை மண் இட்ட திட்டு, ஒரு வாரம் நீர் காட்டாமல் காயவிடப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் ஆட்டத்து மண்ணைப் போல ஆகட்டும் என்று, ஆணி வைத்த காலணியை அணிந்து என் கணவர் அதை நன்றாகத் தேய்த்துவிட்டார்.

நான் ஸ்டம்புகளுக்குப் பின்னால் நின்றேன். திருமணமான நாளிலிருந்து அவருடைய தனிப் பயிற்சியில் பந்து பொறுக்குபவள் நானே. அண்ணன் பக்கவாட்டில் குந்தியமர்ந்தார். சுண்ணக்கட்டியால் கோடுகள் இட்ட பலகை ஒன்றை நட்டு, பந்து எந்தக் கோடு வரை எழுகிறது என்று பார்ப்பதற்காக அங்கே இருந்தார். குழுவினர் குறை கூறியது எழுச்சியைப் பற்றியல்லவா? அவர் கண் முழுவதும் உயரத்தின் மீதே இருந்தது. பக்கவாட்டில் இருப்பவருக்குப் பந்தின் உயரம் துல்லியமாகத் தெரியும். அது வளைகிறதா என்பது தெரியாது. அதைக் காண, வீசுபவருக்குப் பின்னாலோ எனக்குப் பின்னாலோ நிற்க வேண்டும். பழைய மண்ணில் திரும்புமா என்ற ஐயமே எழுந்ததில்லை. ஆதலால் அங்கே நிற்கும் பழக்கம் அவருக்கு இல்லாமற்போயிற்று.

முதல் பந்து விழுந்தது. என் இடக்கை தானாக இடப்புறம் நீண்டது. இத்தனை காலமும் அவர் பந்து அங்கேதான் வந்துகொண்டிருந்தது. அன்று அது, குனிந்திருந்த என் மார்புக்கு நேராக வந்து, நெஞ்செலும்பில் மோதிக் கீழே விழுந்தது.

"இடுப்புக்கு எழும்புது!" என்று அண்ணன் கத்தினார். "பாத்தியா மாப்ள? இடுப்புக்கு!"

இரண்டாம் பந்தும் நேராகவே வந்தது. மூன்றாவதற்கு என் கணவர் விரலை எவ்வளவு முறுக்கினார் என்பதை அவர் முகச் சுளிப்பே காட்டியது; பந்து காற்றில் ரீங்கரித்தது; விழுந்தபின் அசையவில்லை. கலந்த மண்ணைப் புதுக்களி இறுக்கி விழுங்கியிருந்தது. ஓவர் முடியும் வரை என் கையை நான் எங்கும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "திரும்புதா மாப்ள?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அது ஒரு கணமே. பிறகு அண்ணனை நோக்கிப் புன்னகைத்தார்.

"திரும்புது மச்சான். நல்லாவே திரும்புது."

அண்ணன் தரையில் மண்டியிட்டு, அந்தத் திட்டைக் குழந்தையின் முதுகைத் தடவுவது போலத் தடவிக்கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "ஏங்க பொய் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா இன்னைக்கே கடப்பாரைய எடுத்துடுவாரு. இன்னும் பத்து நாள்ல கமிட்டி வருது."

"எடுக்கட்டுமே. நம்ம கதி என்ன?"

"யோசிச்சுப் பாரு. மேட்ச் புது ஸ்டேடியத்துக்குப் போச்சுன்னா, அங்க மட்டும் என் பந்து திரும்பப் போகுதா? எந்தப் பக்கம் பாத்தாலும் நான் போற ஆளு. அவரும் எதுக்குக் கூட வரணும்? உங்க அண்ணி பாத்திரத்தை மூடிக்கிட்டாவது இருக்கட்டும்."

"நான் அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்."

"சொல்ல மாட்ட" என்றார் அவர். சினந்தல்ல, இரந்து கூறினார். "நேரா போற பந்தையும் ஒழுங்கா போட்டா விக்கெட் விழும்டி. அதையும்தான் கொஞ்சம் பழகிப் பாக்கறேனே."

அவர் அவ்வாறே பழகினார். வீட்டுக்குப் பின்புறச் சந்தில், சுவரில் ஸ்டம்பு வரைந்து, நேரான பந்தை ஓயாமல் வீசினார். முப்பத்தாறு வயதில் மனிதர் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல இருந்தது அந்தக் காட்சி. எதிர் வீட்டுக்காரர், "என்னப்பா ஆமை, ஓட்டத்துக்குப் பழகுதா?" என்று கேட்டார். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுவினர் வந்தனர். பந்தைத் தோள் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தனர், சாவியால் மண்ணைக் கீறிப் பார்த்தனர், கீறல் விழவில்லை. வரும் பருவத்தின் போட்டிகள் இங்கேயே நடைபெறும் என்று அவர்கள் அறிவித்தபோது, புல் வெட்டுவோரும் வாயில் காப்போரும் அண்ணனைத் தூக்கிச் சுற்றினர். அண்ணி அன்று அழுதார். கூடவே, "இனிமே ஜென்மத்துக்கும் காரைதான்" என்று அலுத்தும் கொண்டார்.

ஆகஸ்டு இறுதி வியாழக்கிழமை ஒப்பந்த நாள். கிரிக்கெட் கழகத்தில் அதற்கொரு முறை இருந்தது. வீரர்கள் ஒவ்வொருவராகச் செயலாளரின் அறைக்குள் செல்வர். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டவர் புதிய பயிற்சிச் சட்டையுடன் வெளியே வருவார். அல்லாதவர் வெறுங்கையுடன் வருவார். ஆகவே, தாழ்வாரத்தில் காத்திருப்போர் எவரும் வெளிவருபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையையே பார்ப்பர். நானும் அண்ணனும் தாழ்வாரத்தின் கோடியில் நின்றோம். அண்ணன் அன்று சலவைச் சட்டை அணிந்திருந்தார்.

என் கணவர் வெளியே வந்தபோது இரு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டிருந்தார்.

"சட்டை எங்க மாப்ள?"

"வயசாயிடுச்சாம் மச்சான். சரிதானே, எனக்கே முட்டி வலிக்குது."

"என்ன வயசு? போன வருஷம் நம்ம மண்ணுல..."

அவர் முடிப்பதற்குள் செயலாளர் அறையிலிருந்து வெளியே வந்து, அண்ணனைக் கண்டதும் மகிழ்ச்சியுடன் கை நீட்டினார். அவர் நல்லவர்; பாராட்டவே வந்தார்.

"உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். என்னா பிட்ச் போட்டிருக்கீங்க! கோச் ஒரு வாரமா போட்டுப் பாத்தாரு. இதுல ஸ்பின்னே வேணாம், நாலு ஃபாஸ்ட் பவுலர் போதும்னுட்டாரு. எல்லாம் உங்க கைதாங்க!"

அண்ணன் நீட்டிய கையை அவர் குலுக்கிவிட்டுச் சென்றார். அண்ணனின் கை அப்படியே நீண்டிருந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீதானே பின்னாடி நின்ன? திரும்புச்சா?"

நான் என் கணவரைப் பார்க்கவில்லை. "இல்லண்ணே" என்றேன்.

அண்ணன் படியிறங்கி, கருவிகள் வைக்கும் கொட்டகைக்குள் சென்று, கடப்பாரையுடன் வெளிவந்தார். சலவைச் சட்டையுடனேயே மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். என் கணவர் விரைந்து அவரைக் கடந்து சென்று, காலணிகளைக் கழற்றிப் புல்லில் வைத்தார். கால்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பழைய பந்தை எடுத்தார்.

"மச்சான், தோண்டறதுன்னா தோண்டிக்குங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேன்."

"எதுக்குடா? எதுக்கு எங்கிட்ட மறைச்ச?"

"பத்துப் பேர் பிழைக்கிற மண்ணு மச்சான் இது. நான் ஒருத்தன்தானே?"

அண்ணன் கடப்பாரையை ஊன்றியவாறு, இம்முறை பக்கவாட்டில் அமராமல், வீசுபவருக்குப் பின்னால் போய் நின்றார். நான் என் இடத்திற்குச் சென்றேன்.

என் கணவர் வெறுங்காலுடன் நடந்து வந்து வீசினார். அத்துணை அழகாக அவர் வீசி நான் பார்த்ததில்லை. பந்து உயரே மிதந்து, தயங்கி, அந்தத் திட்டிலேயே இறங்கியது. நேராகவே வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என் உடல் இடப்புறம் சாய்ந்துவிட்டது. நேராக வந்த பந்து என் வலப்புறமாகக் கடந்து, எல்லைக் கயிற்றை நோக்கி உருண்டு சென்றது. எடுத்து வர எவரும் செல்லவில்லை.

அண்ணன் கடப்பாரையை மெல்லப் புல்லின் மீது கிடத்தினார். நாள் முழுவதும் வெயில் குடித்த மண்ணுக்கு மாலையில் நீர் காட்டியாக வேண்டும். அவர் குழாயை இழுத்து வந்தார். அதன் மறுமுனையைத் திறந்துவிட என் கணவர் சென்றார். ஸ்கோர் பலகையின் மேலிருந்த கடிகாரத்தில் அப்போது மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம்.